ஒரே ஒரு 'ஆமாம்'

இப்போதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிற எதையும் ஒருத்தனும் ஓட விடுவதில்லை. நல்ல ரோட்டைத் தோண்டுவான், நல்ல பல்லைப் பிடுங்குவான். ஊர் நூலகமான புலரி வாயனசாலையின் கம்ப்யூட்டரும் இன்று காலைவரை ஒழுங்காகத்தான் ஓடியது. வாயனசாலைத் தலைவர் கொச்சௌசேப்பு நாலாம் கிளாஸ்தான். ஆனால் இதைச் சொல்லப் படிப்பு எதற்கு?

"உள்ளே இருக்கிறது ரொம்பப் பழசு சேட்டா. மாத்தலேன்னா வர்றவர் ஒத்துக்கமாட்டார்," என்றார் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் ரெஜி மாஷ்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தாலுகாவிலிருந்து தரம் பார்க்க ஆள் வருகிறது. 'ஏ' தரம் போனால் நூலகர் லீலாமணியின் வேலையும் போகும். பன்னிரண்டு வருஷமாக 'ஏ'தான். காரணம், தினமும் நாற்பது பேர் பத்திரிகையும் கையுமாக உட்கார்ந்திருக்கும் கூடம். அதில் கொச்சௌசேப்புக்குத் தலைக்கனமே உண்டு.

மாஷ் அப்கிரேடை ஓடவிட்டுவிட்டுக் கட்டன்சாயா குடிக்கக் கிளம்பினார். "ஏதாவது கேட்டா 'ஒய்' அமுக்குங்க. ஆமாம்னு அர்த்தம். 'என்'னா இல்லை."

அது பதினோரு தடவை கேட்டது. பதினோரு தடவையும் கொச்சௌசேப்பு 'என்' அமுக்கினார். வாசிக்கத் தெரியாத காகிதத்தில் அவர் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை.

"என்ன சேட்டா செஞ்சீங்க?" என்றார் திரும்பி வந்த மாஷ்.

"நான் ஒண்ணும் செய்யலை. எல்லாத்துக்கும் இல்லைன்னேன்."

பாதி புதுசு, பாதி பழசாக நின்றது மெஷின். மாஷ் அணைத்துப் போட்டார். படமெல்லாம் போய், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் வந்தது. அதைச் சரிசெய்யப் போனார். பிரிண்டர் காணாமல் போனது.

"அதை ஏன் தூக்கினே?"

"நான் தூக்கலை. பிரிண்டர் ஓட ஒரு புரோகிராம் பேக்கேஜ் வேணும். அதுக்கு இன்னொண்ணு வேணும். இன்னொண்ணு வரணும்னா பழையது போகணும்."

"கூட்டணி மந்திரிசபைன்னு சொல்லு."

"அதேதான். ஒருத்தர் மட்டும் நாற்காலியை விடமாட்டேங்கிறார்."

"யாரந்த மகான்?"

மாஷ் திரையை உற்றுப் பார்த்தார். "சீட்டாட்டம். யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டிருக்காங்க. பழைய பேக்கேஜைப் பிடிச்சுத் தொங்குது. இதை எடுத்தா எல்லாம் சரியாயிடும்."

"வாயனசாலையில சீட்டா? லீலாமணி, உனக்கு இது தெரியுமா?"

லீலாமணி சுத்தமாக இருந்த அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே சேட்டா."

"இருந்தா பிரிண்டர் வராது, புத்தகப் பட்டியலும் வராது. வர்றவர்கிட்ட உன் துடைக்கிற துணியையா காட்டுவே?"

அவள் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். திரை கேள்வி கேட்டது. கொச்சௌசேப்பு மாஷின் கையைத் தட்டிவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தானே 'ஒய்' அமுக்கினார்.

நாலரைக்கெல்லாம் எல்லாம் சரியாகிவிட்டது. ஒன்பதாயிரம் புத்தகத்தின் பட்டியல் மணமணக்க அச்சாகி வந்தது. தாலுகாக்காரர் வந்து அதைப் புரட்டிப் பார்த்தார், தலையாட்டினார், பேனாவைத் திறந்து 'ஏ' கட்டத்தின் மேல் பிடித்தார்.

"கூடத்தையும் ஒரு பார்வை பார்த்துடலாம்."

கூடத்தில் நாற்பது நாற்காலியும் ஒரு மின்விசிறியும் இருந்தன. வழக்கம்போல வந்தவர்கள்தான். ஒவ்வொருத்தராக மூலையிலிருந்த கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"வாசகர்கள் எங்கே?"

கடைசியாக வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவன் சசாங்கன், ரிட்டையர்டு கண்டக்டர். கொச்சௌசேப்பு ஓடிப்போய் மறித்தார்.

"எங்கடா கிளம்பிட்டே? பத்திரிகை வாசிக்கலையா?"

"அதை யார் வாசிச்சா சேட்டா? சீட்டுல நம்ம முறை வர்றவரைக்கும் சும்மா கையில பிடிச்சிட்டு உட்கார்ந்திருப்போம்."

தாலுகாக்காரரின் பேனா பக்கத்திலிருந்த 'பி' கட்டத்துக்கு நகர்ந்தது.

கொச்சௌசேப்பு குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். "பொய் சொல்றான். பன்னிரண்டு வருஷம் பேப்பர் புரளுற சத்தத்தைக் காதால கேட்டவன் நான்," என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டே நடந்தார்.