நான் துறந்த ரோலிங் ஸ்டோன்ஸ்

உலகத்தில் பெரிய தியாகங்கள் செய்தவர்கள் பட்டியலில் என் பெயரும் சுமார் ஒரு மாதம் இருந்தது. அப்புறம் என் மனைவி பிரிஜெட் அதை அடித்துவிட்டாள்.

2003-ஆம் வருடம், திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்தோம். பெங்களூர் விவேக் நகரில் எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அன்றிலிருந்து ஈஸ்டர் வரை நாற்பது நாள் தவக்காலம். தனக்கு ரொம்பப் பிடித்தது எதுவோ, அதை ஒவ்வொருவரும் அந்த நாற்பது நாளும் விட்டுவிட வேண்டும். அதற்கு ஒறுத்தல் என்று பெயர். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம். எனக்கு ரொம்பப் பிடித்தது எது என்பதைப் பிரிஜெட்தான் அறிவிப்பாள்.

வருடா வருடம் ஒரே தீர்ப்புதான். சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துத் தெரு ஓஸ்வால்ட் வீட்டில் நான் குடிக்கும் இரண்டு பெக் பிராந்தி, தொட்டுக்கொள்ள ஈரல் வறுவல். இரண்டும் கட்! பொம்மனஹள்ளி ஃபேக்டரி ஸ்டோரில் ஆறு நாள் நட்டு போல்ட்டு எண்ணுகிறவனுக்கு வாரத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே சந்தோஷம் அது. பதினோரு தவக்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். பன்னிரண்டாவதற்கு என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. இந்த முறை நான் முந்திக்கொண்டேன்.

"பிரிஜெட், இந்தத் தவக்காலத்துல நான் எதை விடப் போறேன் தெரியுமா?"

"தெரியும். ஓஸ்வால்டை."

"அதெல்லாம் சின்ன விஷயம். என் உயிருக்கு உயிரானதையே விடப் போறேன்."

"என்னையா?"

"ரோலிங் ஸ்டோன்ஸை!"

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

1992 ஜனவரியில் நான் பிரிஜெட்டைப் பெண் பார்க்கப் போனேன். பத்து நிமிஷம் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள் என்று எங்களைப் பால்கனியில் விட்டார்கள். மஞ்சள் புடவை, நீளப் பின்னல், நேர்ப் பார்வை. எனக்கு என் பெயரே மறந்துபோனது. அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உங்களுக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் பிடிக்குமா?"

அதுவரை எனக்குத் தெரிந்த ஸ்டோன் என் அண்ணன் கிட்னியிலிருந்து எடுத்தது ஒன்றுதான். ஆனால் மஞ்சள் புடவை கட்டி நிற்கும் பெண்ணிடம் கிட்னியைப் பற்றியா பேசுவது?

"உயிருங்க," என்றேன். "அவங்கன்னா எனக்கு உயிர்."

கல்யாணம் நடந்தது. அவள் தம்பி யூஜின் கிட்டார் வாசிக்கிறவன். எங்கள் கல்யாணத்துக்கு அவன் கொடுத்த பரிசு, ரோலிங் ஸ்டோன்ஸ் என்கிற அந்த இங்கிலீஷ் பாட்டுக் கோஷ்டியின் கேசட். முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பிரிஜெட் அதை டேப் ரெக்கார்டரில் போட்டாள். "உங்களுக்குப் பிடிக்குமேன்னு," என்றாள். முழு வால்யூம். யாரோ தன் காலை மிதித்துவிட்ட மாதிரி ஒரு ஆள் கத்தினார். மிதித்தவனை இரண்டு கிட்டார்கள் துரத்தின. முதல் பாட்டின் பாதிவரை சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் உடம்பு தாங்கவில்லை. கண்ணில் பட்ட பையை எடுத்துக்கொண்டு, "மார்க்கெட் போயிட்டு வந்துடறேன்," என்று கிளம்பினேன்.

அன்று தொடங்கியது. வாரா வாரம் அவள் கேசட்டைப் போடுவாள். நான் பையை எடுப்பேன். சிவாஜிநகர் பஸ்ஸில் நசுங்கி, மீன்கடைச் சேற்றில் வழுக்கி, வாரம் பூராவுக்கும் காய்கறி சுமந்து திரும்புவேன். அந்தப் பாட்டுக்கு மார்க்கெட் இரைச்சல் தாலாட்டு. உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் பெண் பார்த்த அன்றைக்கே பொய் சொன்னவன் என்று தெரிந்தால் பிரிஜெட் என்னை என்ன செய்வாளோ! அதை நினைத்தால் பதினோரு வருடம் என்ன, ஐம்பது வருடம்கூடக் காய்கறி சுமக்கலாம் என்று தோன்றும்.

இப்போது என் திட்டம் புரிந்திருக்கும். நான் ரோலிங் ஸ்டோன்ஸை விட்டுவிட்டால் நாற்பது நாள் வீட்டில் கேசட் கிடையாது. ஒருவர் ஒன்றை விட்டால் போதும் என்பதால் பிராந்தி உண்டு. ஈரல் உண்டு. கணக்கு சுத்தம்!

பிரிஜெட் கரண்டியைக் கீழே வைத்தாள். "நிஜமாவாங்க?"

"நிஜமா."

"அவ்ளோ பெரிய தியாகத்தை உங்களால தாங்க முடியுமா?"

"ஆண்டவர் பலம் குடுப்பார்," என்றேன்.

ஆண்டவர் நிறையவே கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு அமைதியாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்து பேப்பர் விரித்தேன். பிரிஜெட் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"கொத்தமல்லி இல்ல."

"அடடா," என்றேன்.

"தக்காளியும் இல்ல."

"பாவம்," என்றேன்.

என்னைப் பார்த்தாள். டேப் ரெக்கார்டரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு தானே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஜெயித்த முதல் ஞாயிறு அது.

ஒரே வாரத்தில் என் புகழ் தெருவெல்லாம் பரவியது. பக்கத்து வீட்டு ராஜலக்ஷ்மி காம்பவுண்டுச் சுவர் மேலாக எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, பிரிஜெட் சொல்லிச்சு. வாரம் தவறாம கேட்டதை விட்டுட்டீங்களாமே! எங்க வீட்டுக்காரர் சஷ்டி அன்னைக்குக்கூட சிகரெட்டை விட மாட்டேங்கிறார்."

"மனசு வைக்கணும்மா."

"ரொம்பக் கஷ்டமா இருக்குமே?"

"தூக்கத்துலகூட அந்தப் பாட்டுதான் கேக்குது," என்றேன். முந்தின சாயங்காலத்து ஈரல் வறுவல் இன்னும் நாக்கில் மணத்தது.

சனிக்கிழமைகளில் ஓஸ்வால்ட் வீடு, ஞாயிற்றுக்கிழமைகளில் பேப்பர். மூன்று வாரம் ராஜா மாதிரி வாழ்ந்தேன். நான்காவது வாரம் யூஜின் ஸ்கூட்டரை நிறுத்தக்கூட மறந்து உள்ளே ஓடி வந்தான்.

"மாமா! சக்கத் நியூஸ், சூப்பர் நியூஸ் மாமா! பெங்களூருக்கு வர்றாங்க!"

"யாரு?"

"யாரா? உங்க உயிரு! ரோலிங் ஸ்டோன்ஸ்! பேலஸ் கிரவுண்ட்ஸ்ல. ஏப்ரல் நாலாம் தேதி. எங்க ஆபீஸ்ல ரெண்டு பாஸ் பிடிச்சுட்டேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு!"

குடித்த காப்பி மூக்கில் ஏறியது. சமாளித்துக்கொண்டு காலண்டரைப் பார்த்தேன். ஏப்ரல் நான்கு, வெள்ளிக்கிழமை. தவக்காலத்து வெள்ளிக்கிழமை! காலண்டருக்கு ஒரு முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

"ஐயோ யூஜின்! நான்தான் அவங்களை விட்டுட்டேனே! இத்தனை வருஷம் இல்லாம, நான் விட்ட வருஷம் பார்த்தா வரணும்?" என்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். தோள் குலுங்கியது. அடக்கிய சிரிப்பு வேறு எப்படி வெளியே போகும்?

"அம்மா, அப்பா அழறாரு," என்றாள் எங்கள் மகள் சோனியா.

பிரிஜெட் வந்து என் தோளில் கை வைத்தாள். "அழாதீங்க. இதுக்கு ஒரு வழி பண்றேன்," என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அரை மணி நேரத்தில் எங்கள் கோயில் பங்குச் சாமியாரோடு திரும்பி வந்தாள்.

நல்ல மனிதர். சின்ன வயது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆம்ப்ரோஸ், பிரிஜெட் எல்லாம் சொன்னாங்க. உயிரா நினைக்கிறதை விட்டிருக்கீங்க. ஆண்டவர் உங்க மனசைப் பார்த்துட்டார். அந்த ஒரு நாள் மட்டும் உங்களுக்கு விலக்கு. சந்தோஷமா போயிட்டு வாங்க."

"வேண்டாம் ஃபாதர்! வாக்குன்னா வாக்கு!"

"பாருங்க பிரிஜெட், என்ன ஒரு உறுதி!"

"வெள்ளிக்கிழமை ஃபாதர். சாயங்காலம் கோயில்ல சிலுவைப்பாதை ஜெபம் இருக்கே?"

"காலையிலயே வந்து பண்ணிட்டுப் போங்க."

"இல்ல ஃபாதர், நான் தகுதி இல்லாதவன்."

"என்ன ஒரு தாழ்ச்சி!"

நான் மறுக்க மறுக்க என் தலையைச் சுற்றி ஒளிவட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "பிரிஜெட்டும் யூஜினும் போகட்டும் ஃபாதர். அவளுக்கும் உயிர்தான்."

"எனக்கு வேண்டாங்க," என்றாள் பிரிஜெட். "நீங்க பார்த்தா நான் பார்த்த மாதிரி."

எனக்காக அவளும் தியாகம் செய்கிறாள்! எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. இனி இரண்டே வழி. ஃபாதர் முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். இல்லை, பேலஸ் கிரவுண்ட்ஸுக்குப் போக வேண்டும். பிரிஜெட் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வீரன் இல்லை. போனேன்.

காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு எடுத்துப் போயிருந்தேன். ஆயிரக்கணக்கில் கூட்டம். அந்தக் கூட்டத்தில் பஞ்சு எங்கே விழுந்ததோ தெரியாது. மேடையில் அறுபதைத் தொடப்போகிற மனிதர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடினார். ஆடினார். மறுபடி ஓடினார். அந்த வயதில் என் மாமனார் ஈஸிசேரிலிருந்து எழ இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஆச்சரியம் வந்தது. அப்புறம் பார்த்தால் என் வலது கால் தானாகத் தாளம் போடுகிறது. இடது காலும் சேர்ந்துகொண்டது. ஒரு மணி நேரத்தில் நான் யூஜினின் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். பதினோரு வருடமாக நான் முதல் பாட்டின் பாதியிலேயே வாசலைத் தாண்டிவிடுவேன். மீதி இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதே முடிவு செய்துவிட்டேன். இனி மறைக்க ஒன்றுமில்லை. பொய் இப்போது உண்மையாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பிரிஜெட்டை உட்கார வைத்தேன்.

"பிரிஜெட், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது. அன்னைக்குப் பால்கனியில நான் சொன்னது பொய். ரோலிங் ஸ்டோன்ஸ் யாருன்னே எனக்குத் தெரியாது."

"தெரியும்," என்றாள்.

"எது தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு தெரியும். பால்கனியிலயே உங்க முழியில தெரிஞ்சுது. முதல் ஞாயித்துக்கிழமை நிச்சயமாச்சு. கேசட்டைப் போட்டேன், பையை எடுத்தீங்க. அடுத்த வாரம் போட்டேன், மறுபடி எடுத்தீங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"தெரிஞ்சும் ஏன் போட்ட?"

"வாயால சொன்னா மார்க்கெட் போவீங்களா?"

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அப்போ உனக்கும் அவங்களைப் பிடிக்காதா?"

"அந்தச் சத்தமே ஆகாது. நீங்க தெருமுனை தாண்டினதும் ஆஃப் பண்ணிடுவேன். ராஜலக்ஷ்மி அக்காவைக் கேளுங்க."

"பின்ன அன்னைக்கு எதுக்குக் கேட்ட?"

"யூஜின்தான் கேக்கச் சொன்னான். வர்ற ஆளு உண்மை பேசறானான்னு பார்க்க. உங்களுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் தெரியாதுன்னு உண்மையைச் சொன்னாங்க."

"அப்புறம் ஏன் என்னைக் கட்டிக்கிட்ட?"

பிரிஜெட் சிரித்தாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் பால்கனியில் பார்த்த அதே முகம். "எனக்காக இவ்வளவு பெரிய பொய் சொல்ற ஆளு, நான் சொன்னா மார்க்கெட்டும் போவான்னு தோணிச்சு."

கோபப்படலாமா, சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷம்தான். ஆனால் அதைக் காட்டினால் கௌரவம் என்ன ஆவது? எழுந்து நின்றேன்.

"சரி, போனது போகட்டும். இனிமே உன் வித்தை பலிக்காது. இப்ப எனக்கு நிஜமாவே அவங்களைப் பிடிச்சுப் போச்சு. கேசட்டை நீ போட்டாலும் நான் போக மாட்டேன். உக்காந்து கேப்பேன்!" என்று அலமாரியிலிருந்து கேசட்டை எடுத்தேன்.

"ஓ! நிஜமாவே பிடிச்சுப் போச்சா?"

"சத்தியமா. உயிர்!"

பிரிஜெட் என் கையிலிருந்த கேசட்டை வாங்கினாள். காலியான கையில் பையை மாட்டினாள்.

"ஃபாதர் ஒரே நாளைக்குத்தான் விலக்குக் குடுத்தார். உங்க ஒறுத்தல் இன்னும் முடியல."

"அது செல்லாதே! பிடிக்காததைத்தானே விட்டேன்?"

"அதேதான் நானும் சொல்றேன். இத்தனை நாள் செல்லல. இப்பதான் பிடிச்சிருக்கு. அதனால இன்னைலேர்ந்து ஆரம்பம். ஏமாத்தினதுக்குப் பிராந்தியும் ஈரலும் சேர்த்து. நாற்பது நாள்."

"நாற்பது நாளா? ஈஸ்டருக்கு ரெண்டே வாரம்தானே இருக்கு?"

"அது எங்களுக்கு," என்றாள்.