மூன்றாவது மாடியில் இரண்டு வருஷம்

“அங்கே நீங்க எந்த மாடியில இருந்தீங்க?” என்று மேனேஜர் கேட்டார்.

நேர்காணலுக்கு வந்திருந்த நம்மாள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். இல்லாத கம்பெனிக்கு மாடி மட்டும் எங்கிருந்து வரும்? முந்தின வாரம் வரைக்கும் அந்தக் கம்பெனிக்குப் பெயர்கூட கிடையாது. துணி துவைக்கும் மெஷினின் பெயரில் முன்பாதியையும், தண்ணீர்த் தொட்டியின் பெயரில் பின்பாதியையும் எடுத்து ஒட்டி அதைப் பெற்றெடுத்த புண்ணியவான் அவனுடைய அறைத்தோழர்.

அறைத்தோழர் ஐந்தாறு கம்பெனிகளில் சேர்ந்து, சேர்ந்த வேகத்திலேயே வெளியே வந்தவர். அதனால் சாஃப்ட்வேர் வேலை தேடி ஊருக்குள் வந்து இறங்கும் பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் ஆலோசகர்.

“புதுசா சேர்றவனுக்கே ரெண்டு வருஷ அனுபவம் வேணும்னு போடறாங்களேண்ணே! வேலையே குடுக்காம அனுபவம் எங்கேருந்து வரும்?” என்று நம்மாள் அவரிடம் புலம்பியிருந்தான்.

“அதுவா வராது. நாமதான் வரவழைக்கணும்.”

வீட்டிலிருந்து, அனுப்புநர் விலாசம் எழுதி, போர்வை அனுப்பிய அட்டைப் பெட்டியின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஆலோசகர் மளமளவென்று அவனுக்கு இரண்டு வருஷ அனுபவத்தைத் தட்டி முடித்துவிட்டார்.

“விலாசம் கேக்குதேண்ணே?”

“உலகத்துல விலாசத்துக்கா பஞ்சம்? அதை நான் போட்டுக்கறேன். நீ ஒண்ணே ஒண்ணை மட்டும் மனசுல வெச்சுக்கோ. இந்தத் தொழில்ல ‘தெரியாது’ன்னு மட்டும் வாயைத் திறந்து சொல்லிடாதே. சொன்னவன் எவனும் உருப்பட்டதில்லை.”

ஆகவே நம்மாள் தெரியாது என்று சொல்லவில்லை. அவசரத்துக்கு வாயில் வந்த மாடியைச் சொன்னான்.

“மூணாவது மாடி சார்.”

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். “ஓ… மூணாவது மாடி” என்று இழுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீம் லீடர் அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நம்மாளைப் பார்த்தாள். குரல் தானாகத் தணிந்தது.

“அப்போ அந்த விஷயம் நடந்தப்போ… நீங்களும் அங்கேதான் இருந்தீங்களா?”

எந்த விஷயம் என்று கேட்டால் மாட்டிக்கொள்வான். “இருந்தேன் மேடம்” என்றான்.

மேனேஜர் அவனுடைய விண்ணப்பத்தை மூடி வைத்தார்.

“நாளைக்கே வந்து சேர்ந்துடுங்க. ஆறு மாசத்துல உங்க பழைய கம்பெனியில விசாரணை முடிஞ்சதும் நிரந்தரம் பண்ணிடலாம்” என்றார் மேனேஜர். கை கொடுக்க நீட்டியவர், பாதியில் என்ன நினைத்தாரோ, கையை மடக்கி வணக்கமாக மாற்றிக்கொண்டார்.

வேலை கிடைத்துவிட்டது. நம்மாளுக்கு மட்டும் சந்தோஷப்பட முடியவில்லை. அவன் அவசரத்தில் அளந்த மாடியில் எப்படி ஒரு விஷயம் நடந்திருக்கும்?

ஆபீஸில் அவனுக்குக் கோடியில் ஓர் இடம் கொடுத்தார்கள். சுற்றிலும் மூன்று மேஜைகள் காலி. அங்கே விளக்குகள் ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் அணைந்துவிடும். புரோகிராமில் மூழ்கிவிட்டால் நம்மாள் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிடுவான். விளக்கு அணைந்துவிடும். இருட்டில் லேப்டாப் வெளிச்சம் முகத்தில் நீலமாக அடிக்க அவன் தனியாக உட்கார்ந்திருப்பதை, தண்ணீர் பிடிக்க அந்தப் பக்கம் வருகிறவர்கள் பார்ப்பார்கள். பாட்டிலை நிரப்பாமலே திரும்பிப் போவார்கள்.

வேலையில் அவனை யாரும் குறை சொல்ல முடியவில்லை. மற்றவர்கள் நாள்கணக்கில் தேடியும் அகப்படாத பிழைகளை அவன் தலைமயிரைச் சுருட்டிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவான். அதுவும் வினையாகத்தான் முடிந்தது.

“அங்கேருந்து வந்தவர். அப்படித்தான் இருக்கும்” என்று டீம் லீடர் அம்மாள் யாரிடமோ கிசுகிசுத்தாள்.

இந்த ஆபீஸின் சாப்பாட்டுக்கூடம் மூன்றாவது மாடியில் இருந்தது. “நீங்க மேல வர வேண்டாம் சார். உங்களுக்கு நாங்க கொண்டுவந்து குடுத்துடறோம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். இப்படியே விட்டால் பேச்சு வளரும் என்று, ஒருநாள் நம்மாள் தானே படியேறிப் போனான். சகஜமாக இருப்பதாகக் காட்ட வாசலில் நின்று ஒரு புன்னகை வேறு செய்தான். ஒருவர் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. அதை எடுக்க யாரும் குனியவில்லை.

மறுநாள் முதல் பாதிப்பேர் வீட்டுச் சாப்பாட்டைத் தங்கள் மேஜையிலேயே வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

என்னதான் நடந்தது என்று தெரிந்துகொண்டாலாவது நிம்மதி என்று தோன்றியது. நாலு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த குண்டுக் கண்ணாடிக்காரரை மெல்ல நெருங்கினான்.

“சார், அங்கே நடந்ததைப் பத்தி வெளியில என்ன பேசிக்கறாங்க?”

குண்டுக் கண்ணாடிக்காரர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “எனக்கு எல்லாமே தெரியும் சார். ஆனா உங்க முன்னாடி அதைப் பேசறது முறையில்ல.”

“பரவாயில்ல, சும்மா சொல்லுங்க.”

“வேண்டாம் சார். நான் பிள்ளைகுட்டிக்காரன்.”

இதற்கிடையில் அம்மா தினமும் போன் செய்துகொண்டிருந்தாள். நம்மாள் எடுக்கவில்லை. எடுத்தால், வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று கேட்பாள். ஊர் உலகத்திடம் எல்லாம் பொய் சொன்னவனுக்கு அம்மாவிடம் மட்டும் அது வராது. பிள்ளைக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்று அவள் பட்ட பாட்டை நினைத்தால், போனைத் தொடவே மனம் துணியாது. ‘வேலையில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன்’ என்று செய்தி அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடுவான்.

“விசாரணைன்னு சொல்றாங்களேண்ணே! போய்ப் பார்த்துட்டா?” என்று ஆலோசகரிடம் கேட்டான்.

“போறதாவது! ரெண்டு தடவை போன் பண்ணுவாங்க, யாரும் எடுக்கலைன்னா ‘சரி’ன்னு டிக் அடிச்சுட்டுப் போயிடுவாங்க. எனக்குத் தெரியாதா?”

அடுத்த வாரம் எச்.ஆர். பெண் அவன் மேஜைக்கு வந்தாள். சின்னப் பெண். அவளுக்கும் இதுதான் முதல் வேலை. முகம் வெளிறியிருந்தது.

“போன் யாரும் எடுக்கலை சார். அதனால நேர்லயே போயிட்டு வந்துட்டேன்.”

“எங்கே?”

“உங்க பழைய கம்பெனிக்குத்தான்.”

நம்மாள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். எந்த ஊருக்குப் போனாய் என்று கேட்க நாக்கு துடித்தது. இரண்டு வருஷம் வேலை பார்த்த இடம் எந்த ஊரில் இருக்கிறது என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

“போர்டுகூட இல்ல. படியெல்லாம் ஒரே இருட்டு. எல்லாத்தையும் காலி பண்ணிட்டாங்க போல. மூணாவது மாடியில கதவைத் தட்டினேன். ஒரு பெரியவர் திறந்தார். ஒரு வார்த்தை பேசலை சார். உங்க பேரைச் சொன்னதும் கண் கலங்கிடுச்சு. அப்படியே விரலை மட்டும் நீட்டிக் காட்டினார்.”

“எ… எதை?”

“உங்க நாற்காலியை. வெள்ளைத் துணி போட்டு மூடி வெச்சிருக்காங்க. மேஜைகூட அப்படியே இருக்கு. பக்கத்துச் சுவத்துல ஒரு பள்ளம்.”

விளக்கு அணைந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை ஆட்டினார்கள். எரிந்தது.

“உள்ளேருந்து ஒரு பொம்பளைக் குரல் மட்டும் வந்துச்சு சார். ஆளைக் காணோம். ‘ராத்திரி பகல்னு பார்க்காம அந்த நாற்காலியிலயேதான் கிடந்தான். ஒரு நாள் அவன் போட்ட சத்தத்துல கீழே இருக்கறவங்க எல்லாம் ஓடி வந்துட்டாங்க. அப்புறம் ஒரு பெட்டியை எடுத்துக்கிட்டுப் போனவன்தான், இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கலை’ன்னு அந்தக் குரல் சொல்லுச்சு.” எச்.ஆர். பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க எப்படி சார் தாங்கிக்கிட்டீங்க?”

இல்லாத கம்பெனியில் நம்மாளுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் அவன் உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கண்ணை மூடினால் துணி போர்த்திய அந்த நாற்காலி தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் அந்தச் சத்தத்தை உண்மையிலேயே போட்டுவிடுவோம் என்று பயந்தான்.

வேலை போனால் போகட்டும். எழுந்து நேராக மேனேஜர் அறைக்குள் போனான்.

“சார், என்னை மன்னிச்சுடுங்க. அப்படி ஒரு கம்பெனியே கிடையாது.”

மேனேஜர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். அவன் தோளில் கை வைத்தார். இந்தத் தடவை மடக்கவில்லை.

“எனக்குப் புரியுது” என்றார்.

“இல்ல சார், உங்களுக்குப் புரியலை. நான் அங்கே வேலையே பார்க்கலை. அங்கேன்னு ஒரு இடமே இல்ல. அது துணி துவைக்கற மெஷின் சார்! தண்ணித் தொட்டி சார்!”

மேனேஜரின் கண்கள் ஈரமாயின. “அதையெல்லாம் மறுபடியும் நினைச்சுப் பார்க்காதேப்பா. அந்த இடத்துல இருந்துட்டு வந்தவன் எப்படிப் பேசுவான்னு எனக்குத் தெரியாதா?”

“சார், சத்தியமா…”

“வேண்டாம். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். எச்.ஆர். பொண்ணு பார்த்ததை எல்லாம் எழுதிக் குடுத்துடுச்சு. உன்னை இன்னிலேருந்து நிரந்தரம் பண்ணியாச்சு.” அவர் தண்ணீர் டம்ளரை எடுத்து அவன் கையில் திணித்தார். “தைரியமா இரு. அந்த மூணாவது மாடிக்கு நீ இனிமே திரும்பிப் போகவே வேண்டாம்.”

நம்மாள் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தான். உண்மையைச் சொன்னதற்கு வேலையை உறுதி செய்துவிட்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் படிக்கட்டு விளக்கும் அணைந்துவிட்டது. கையை ஆட்ட அவனுக்குத் தெம்பில்லை.

இருட்டில் போன் அடித்தது. அம்மா. இனிமேல் எடுக்கலாம், கேட்டால் சொல்வதற்கு நல்ல சேதி இருக்கிறது.

“அம்மா, வேலை நிரந்தரம் ஆயிடுச்சும்மா.”

“அப்பாடா! என் வயித்துல பாலை வார்த்தேடா” என்றவள், உடனே ஆரம்பித்துவிட்டாள். “ஆனாலும் உனக்கு இவ்வளவு நெஞ்சழுத்தம் ஆகாது. எத்தனை தடவை போன் பண்ணினேன்! செத்தாளா பொழைச்சாளான்னு ஒரு வார்த்தை உண்டா?”

“அப்பா பக்கத்துல இருக்காரா? அவர்கிட்ட குடும்மா. நானே சொல்றேன்.”

“அவர் எங்கே பேசறது? பல்லைப் பிடுங்கினதுலேருந்து வாய்ல பஞ்சு. வலியில கண்ணுலேருந்து தண்ணி ஊத்துது. யார் வந்து கதவைத் தட்டினாலும் திறந்து விட்டுட்டு விரலை நீட்டறதோட சரி. பதில் சொல்ல வேண்டியதெல்லாம் நான்தான். நான் அடுப்படியிலேருந்தே கத்திக்கிட்டிருக்கேன்.”

நம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“அம்மா… என் நாற்காலி…?”

“தூசி படாம துணி போட்டு வெச்சிருக்கேன். நீ மௌஸை விட்டெறிஞ்சு சுவத்தைப் பேத்து வெச்சியே, அதைத்தான் இன்னும் பூசலை. அந்தப் பொண்ணுகூட அதையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு.”

“எந்தப் பொண்ணு?”

“உன் கம்பெனிப் பொண்ணுதாண்டா! பாவம், மூணு மாடி ஏறி மூச்சு வாங்க வந்து, நீ ரெண்டு வருஷம் இங்கே ஒழுங்கா வேலை பார்த்தியான்னு கேட்டுச்சு. சம்பளம்தான் யாரும் குடுக்கலை, ஒரு நாள்கூட என் பிள்ளை மட்டம் போட்டதில்லைன்னு உள்ளதை உள்ளபடி சொன்னேன். தப்பாடா?”