வெங்கடபதி முறைக் கடலைச் சாகுபடி

கடலைக்காயில லாபம் வராததுக்குக் காரணம் வெலையும் இல்லீங்க, மழையும் இல்லீங்க, வெவசாயிக்குச் செயல்திறன் பத்தலைங்கறதுதான்னு கவர்மெண்டுல கண்டுபுடிச்சு, அதை அளக்கறதுக்குன்னே ஒரு ஆபீஸ் தொறந்தாங்க. நிலக்கடலைச் செயல்திறன் அளவீட்டுப் பிரிவு. அவிநாசிப் பக்கம் அவங்க பொறுக்கி எடுத்த மொத ஆளு எங்கப்பா வெங்கடபதி.

ஒன்றரை ஏக்கர்தானுங்க எங்களுக்கு. நான் கோயம்புத்தூர்ல நாலு வருசமா வெவசாயம் படிக்கறேன். எங்கப்பா பண்றது ஒரே வேலை. நூறு நாள் தாண்டுனா தெனமும் ஒரு செடியப் புடுங்கி, காயை ஒடைச்சு, ஓட்டுக்கு உள்பக்கம் கருத்திருக்குதான்னு பாப்பாரு. கருத்துச்சுன்னா மறுநாளே ஆள் எறங்கும். முந்துனா பருப்பு சூம்பிப்போகும். பிந்தி மழை புடிச்சா மண்ணுக்குள்ளயே முளைச்சுப்போகும். அடுத்த போகத்துக்கு வித்து, மாட்டுக்குக் கொடி, எங்களுக்குச் சோறு, எல்லாமே அந்த ஒரு நாளை நம்பித்தான்.

இந்த ஐப்பசியில ஓடு கருத்துச்சு. கருமத்தம்பட்டி மெர்சியக்கா பன்னெண்டு பொம்பளைகளோட கடலை புடுங்க வந்து வரப்புல நின்னாங்க. அப்பப் பாத்து பைக்குல வந்து எறங்குனாரு அளவீட்டு அலுவலர் சசிதர்.

"ஏனுங்கண்ணா, புடுங்கிப்போடாதீங்க. நாங்க அளக்கோணும்."

"அளங்க சார்."

"இப்ப முடியாதுங்க. அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் ஒரு கட்டம் அளப்பம். எந்த எடம்னு போன் ஆப்தான் சொல்லோணும். இன்னும் சொல்லலைங்க."

"அப்ப ஒரு ஓரமா கட்டத்தை உட்டுட்டு மிச்சத்தப் புடுங்கறமுங்க," ன்னேன் நான்.

"எந்த ஓரம்னு தெரியாம எப்புடி அம்மணி உடுவீங்க? ரேண்டமுங்க."

"எப்பங்க சொல்லும்?"

"அதும் ரேண்டம்தானுங்க."

மெர்சியக்கா அண்ணாந்து பாத்தாங்க. "மானம் கருக்குதுங்க சார். உங்க ஆப்புக்கு மழை வாரது தெரியுமுங்களா?"

"அது வேற டிபார்ட்மெண்டுங்க."

"நேரத்துக்குப் புடுங்குனாத்தானுங்க காய்," ன்னாரு அப்பா மெதுவா.

"அதானுங்கண்ணா. நேரத்துக்குப் புடுங்கறீங்கன்னுதான் உங்களையே தேர்ந்தெடுத்தோம்."

நான் அப்பாவைத் தனியா இழுத்தேன். "முடியாதுன்னு சொல்லுங்கப்பா."

"ஊடு தேடி வந்தவருகிட்ட எப்புடி அம்மணி முடியாதுங்கறது? போயி மோர் கொண்டா."

கொண்டாந்து குடுத்தேன், உப்புப் போடாம.

மெர்சியக்கா ஆளுகளைக் கூட்டிட்டு வேற தோட்டத்துக்குப் போயிட்டாங்க. நாலாம் நாள் புடிச்ச மழை ஒம்பது நாள் உடலை. மயிலுக ரேண்டமெல்லாம் பாக்கலைங்க, நாலு மூலையும் கிண்டித் தின்னுச்சு. பதினேழாம் நாள் ஆப் வாயத் தொறந்துச்சு: வடகெழக்கு மூலை.

சசிதர் டேப் புடிச்சு, கயிறு கட்டி, ஒரு செடியை இழுத்தாரு. அழுகுன கொடி மட்டும் கையோட வந்துச்சு. மண்ணைத் தோண்டுனா ஒவ்வொரு காயிலயும் வெள்ளையா முளை. அப்பா ஒரு காயை ஒடைச்சுப் பாத்துட்டுக் கீழ போட்டாரு.

ஆப்புல முளைச்சுப்போச்சுன்னு போட எடமே இல்லீங்க. அறுவடை, விதைப்பு, ரெண்டே ரெண்டுதான்.

"அறுவடைன்னு போட்டா காய் எடை கேக்குது," ன்னு சசிதர் ரொம்ப நேரம் ரோசனை பண்ணுனாரு. "முளைச்சிருக்குதுன்னா வெதைச்சிருக்குதுன்னுதானுங்களே?"

"யாரும் வெதைக்கலைங்க சார்," ன்னாரு அப்பா.

"அப்ப வெதைப்புக் கூலி சைபர்."

"வித்தே வாங்கலைங்க."

"வித்துச் செலவும் சைபர்."

"உழவு கூட ஓட்டலைங்க. அதையும் எழுதிக்கங்க," ன்னேன் நான், வயித்தெரிச்சல்ல.

"ரொம்ப நன்றிங்க அம்மணி. உழவு சைபர்."

போன்ல மணி அடிச்சுது. நூத்துக்கு நூறு. சசிதருக்குக் கண்ணு கலங்கிருச்சு. "பைசா செலவில்லாம அடுத்த போகம் நிக்குதுங்கண்ணா. என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு செயல்திறனைப் பாத்ததில்லை."

அடுத்த மாசம் கோயம்புத்தூர்ல ஏசி ஹால். 'வெங்கடபதி முறை: அறுவடை தவிர்த்த தொடர் சாகுபடி'ன்னு பேனர். மேடையில எட்டு அதிகாரிக, அதுல மூணு பேர் கடலைச்செடி எப்பிடி இருக்கும்னு அன்னிக்குத்தான் பேனர்ல பாத்தாங்க. அப்பாவுக்குச் சால்வையும் கால் கிலோ கடலைப் பாக்கெட்டும் குடுத்தாங்க. அவரு பாக்கெட்டைப் பிரிச்சு ஒரு பருப்பை விரல்ல உருட்டிப் பாத்தாரு. வித்துக்கு ஆகுமான்னு பாக்கறாருன்னு எனக்குத் தெரிஞ்சுது. வறுத்ததுங்க.

ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க. "எல்லாருக்கும் நன்றிங்க," ன்னாரு. சரியா ரெண்டு வார்த்தை. ஹாலே கை தட்டுச்சு. எங்கூருக்காரங்க ஏழு பேர் அங்கயே சசிதரைப் புடிச்சு, அடுத்த வருசம் எங்க தோட்டத்தையும் அளக்கோணுமுங்கன்னு மனு குடுத்தாங்க. அவங்களுக்கும் சால்வை வேணுமாம்.

போன வாரம் எனக்குப் பரீட்சை. ஏழாவது கேள்வி: 'வெங்கடபதி முறையின் ஐந்து நன்மைகளை விளக்குக. பத்து மதிப்பெண்.'

பேப்பரைக் கிழிச்சு வாத்தியார் மொகத்துல எறியலாம்னு எந்திரிச்சே நின்னுட்டேன். எந்திரிச்சவ, அப்பிடியே இன்னொரு பேப்பர் வாங்கிட்டு உக்காந்தேன். ஆறு நன்மை எழுதி, முளைவிட்ட காய் படமும் வரைஞ்சு, பாகம் குறிச்சேன்.

ஒம்பதரை போட்டிருந்தாங்க. நேரா ஸ்டாஃப் ரூமுக்குப் போயி, எங்கப்பா முறைக்கே எனக்கு அரை மார்க் கொறைப்பீங்களான்னு ஒரு மணி நேரம் சண்டை போட்டு, வாங்கிட்டுத்தானுங்க வந்தேன்.