பாயிஸாவுக்குக் கொப்பளிப்பான்

“பாயிஸாவுக்குக் காய்ச்சல்” என்று மக்கீன் அவசரத்தில் சொல்லிவிட்டான். சொன்ன வாயை மூடுவதற்குள் பக்கத்து வீட்டு ஹபீலா மாமி வாசற்படியில் ஏறிவிட்டாள்.

“காய்ச்சலா? எப்பயிலீந்து?”

“நேத்துப் பகலிலீந்து மாமி.”

“அதானே பாத்தேன், காலையிலீந்து ஒங்கட அடுப்புல பொகையக் காணோமே எண்டு. தள்ளுங்க மகன், புள்ளட நெத்தியத் தொட்டுப் பாத்திட்டுப் போறேன்.”

மக்கீன் தள்ளவில்லை. இரண்டு கைகளையும் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றான். உள்ளே தொட்டுப் பார்க்க நெற்றி எதுவும் இல்லை. நெற்றிக்குச் சொந்தக்காரி திங்கட்கிழமை மத்தியானமே பிலிமத்தலாவையில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று செவ்வாய்க்கிழமை.

“இப்பதான் கண்ணயர்ந்தா மாமி. எழுப்ப வேணாம்.”

“பாவம், தூங்கட்டும். வெளியில தெரியாத நோய்தான் மகன் பொல்லாத நோய். நான் போய்க் கஞ்சி காச்சி அனுப்புறேன்” என்று மாமி இறங்கிப் போனாள்.

மக்கீனுக்குக் கண்டி கடைவீதியில் ஒரு குடைக்கடை. மழைக்கு ஒதுங்குகிறவர்களைக் கண்டால் அவனுக்கு மனம் பொறுக்காது. ஒரு குடையை எடுத்துக் கையில் திணித்து அனுப்பிவிடுவான். வேண்டாம் என்றாலும் விடமாட்டான். அப்படிப் போன குடைகள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அவற்றை வைத்தே எதிர்வரிசையில் இன்னொரு குடைக்கடை திறக்கலாம். ஆனாலும் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குறுகலான ஒழுங்கையில் “மக்கீனா, தங்கமான மனுசன்” என்று சொல்லாதவர்கள் கிடையாது. அதைக் கேட்கக் கேட்க அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டியதில்லை.

குடை அவனுடையது. அதனால் பாயிஸா ஒன்றும் சொன்னதில்லை. கட்டில் அவளுடையது.

கல்யாணத்தின்போது அவளுடைய உம்மா வீட்டிலிருந்து வந்த முதிரை மரக் கட்டில் அது. தலைமாட்டில் பூவேலை செய்தது. ஒழுங்கைக்கே அண்ணன் முறையான ஜவாஹிர் நானாவின் மகளுக்குக் கல்யாணம், மணவறைக் கட்டிலுக்குக் கால் வெடித்துவிட்டது என்று பள்ளிவாசலில் யாரோ பேசிக்கொண்டார்கள். யாரும் மக்கீனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் கொடுப்பதுதானே பெருமை? ஞாயிற்றுக்கிழமை பாயிஸா குளித்துவிட்டு வருவதற்குள் நாலு ஆளைப் பிடித்துக் கட்டிலைத் தூக்கி அனுப்பிவிட்டான். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தவனுக்கு அண்ணன் என்றே அவனைச் சொல்ல வேண்டும். பழமொழிக்கு மதம் கிடையாது.

“என்னட கட்டில் எங்க?”

“ஒரு நல்ல காரியத்துக்குக் குடுத்தீக்கிறேன்.”

“என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“நல்லது செய்றதுக்கு ஒரு மனசு வேணும் பாயிஸா. ஒனக்கு அது இல்ல.”

கட்டில் போனாலும் திரும்பி வரும். இந்தச் சொல் போனது போனதுதான். பாயிஸா அன்று பாயில் படுத்தாள். மறுநாள் காலையில் தேத்தண்ணியை வைத்துவிட்டு, “நான் உம்மா ஊட்டுக்குப் போறேன். மனசு ஈக்கிற பொம்புளயாப் பாத்துக் கொண்டாந்து வெச்சுக்கோங்க” என்றாள். சும்மா சொல்கிறாள் என்று மக்கீன் கடைக்குப் போய்விட்டான். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம். முன்பெல்லாம் மாட்டு வண்டி பேசி, வண்டி வந்து சேர்வதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். பஸ் வந்த பிறகு கண்டிப் பெண்களின் கோபத்துக்கும் சக்கரம் முளைத்துவிட்டது. பின்னேரம் அவன் வந்து பார்த்தபோது வீடு பூட்டிக் கிடந்தது.

பிலிமத்தலாவைக்குப் போய், “நான் சொன்னது பிழை” என்று மூன்றே வார்த்தை சொன்னால் போதும். அந்த மூன்று வார்த்தைதான் அவனுக்கு வரவில்லை. வாழ்நாளெல்லாம் கொடுத்தே பழகியவனுக்கு மன்னிப்பை வாங்கத் தெரியவில்லை. ரெண்டு நாளில் தானாக வருவாள், அதுவரை ஒழுங்கையில் தெரியாமல் இருந்தால் சரி என்று நினைத்தான். பகல் பன்னிரண்டு மணிக்கு ஆண்கள் வேலையில், பெண்கள் அடுக்களையில். அவள் போனதை ஒரு குஞ்சும் கண்டிருக்காது என்று தானாகவே முடிவும் கட்டிக்கொண்டான்.

கஞ்சி வந்தது. உப்பில்லாத கஞ்சி. பசியில் ஒரே மூச்சாகக் குடித்துவிட்டுச் சட்டியைக் கழுவிக் கொடுத்தான்.

“முழுசையும் குடிச்சிட்டாளா! அல்ஹம்துலில்லாஹ்” என்று மாமி பூரித்துப் போனாள். “அப்ப அந்திக்கும் கஞ்சிதான்.”

அந்திக்கும் கஞ்சி வந்தது. பள்ளிவாசலில் ஓதும் லெப்பை வீட்டிலிருந்து கொத்தமல்லித் தண்ணீர் வந்தது. ஜவாஹிர் நானாவின் கல்யாண வீட்டில் புரியாணி வாசனை ஒழுங்கை முழுக்க மணந்தது. அங்கிருந்து இவனுக்கு வந்தது ரசம்.

“நோயாளி ஈக்கிற ஊட்டுக்கு இறைச்சி அனுப்பக் கூடாது” என்று ஜவாஹிர் நானாவே வந்து விளக்கம் சொன்னார். “ஒங்களுக்கும் தனியா இறங்குமா என்ன?”

“இறங்காது” என்றான் மக்கீன் எச்சிலை விழுங்கிக்கொண்டு.

புதன்கிழமை காலையில் லெப்பை வந்தார். வாசலில் நின்று கண்ணை மூடி, “யா அல்லாஹ், இந்த ஊட்டைப் பிடிச்ச நோயைச் சொகமாக்கு” என்று அவ்வளவு உருக்கமாக துஆ கேட்டார். இல்லாத நோயாளிக்காக மக்கீனுக்கே கண் கலங்கிவிட்டது. பிறகு ஒரு செம்புத் தண்ணீரில் ஓதி ஊதி, “நோயாளிட மொகத்துல நானே தெளிச்சிட்டுப் போறேன். தெரையைப் போடுங்க” என்றார். பின்னால் ஹபீலா மாமியும் நாலைந்து பெண்களும் நின்றார்கள். எல்லார் காலும் உள்ளே வரத் தயாராக இருந்தது.

மக்கீன் பதறிப் போனான். “வேணாம்! கொப்பளிப்பான்!”

“என்னது?”

“காய்ச்சல் இல்ல, கொப்பளிப்பான். மேலெல்லாம் போட்டீக்கிது. தொத்தும். ஒருத்தரும் உள்ளுக்கு வரப்படாது.”

ஒழுங்கை ஓர் அடி பின்வாங்கியது. மக்கீன் மூச்சு விட்டான். ஹபீலா மாமி மட்டும் இரண்டு அடி முன்னால் வந்தாள்.

“எனக்கு ஏழு வயசிலயே வந்து போயிட்டுது. இனித் தொத்தாது. நான் பாக்குறேன் புள்ளய.”

“மாமி! மொகமெல்லாம் கொப்பளம். ஆரும் என்னப் பாக்கப்படாது எண்டு சத்தியம் வாங்கீக்கிறா.”

“அல்லாவே! என்ன அழகான மொகம்” என்று மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று மக்கீன் நினைத்தான்.

தொற்றுநோய் என்றால் நகரசபைக்குத் தெரியாமல் இருக்குமா? அன்று பின்னேரமே சுகாதாரப் பகுதிக் கங்காணி வீரய்யா ஒரு வாளி சுண்ணாம்புத் தூளோடு வந்து வாசலிலும் சாக்கடைக் கானிலும் கொட்டினார்.

“மொதலாளி, அம்மாவுக்குக் கொப்பளிப்பானாமே. எங்க படுத்திருக்காங்க?”

“அறையில.”

“கட்டில்லயா, தரையிலயா?”

கட்டில் ஜவாஹிர் வீட்டு மணவறையில் இருப்பது ஒழுங்கைக்கே தெரியும்.

“தரையில... பாயில.”

“ஐயய்யோ! இந்தக் குளிருக்கு, கொப்பளத்தோட, வெறுந் தரையிலயா?” என்று வீரய்யா போட்ட சத்தம் கண்டி வாவி வரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு மக்கீனால் எதையும் தடுக்க முடியவில்லை. அரை மணி நேரத்தில் ஹபீலா மாமி வீட்டுக் கட்டில் தலையில் ஏறி வந்தது. மக்கீன் வேண்டாம் என்றான். அவன் யாரிடமாவது குடையைத் திணிக்கும்போது அவர்கள் சொல்வார்களே, அதே குரலில்தான் சொன்னான். அவன் குடை கொடுக்கும்போது காதில் வாங்கமாட்டானே, அதைப் போலவே மாமியும் காதில் வாங்கவில்லை. முன்கூடத்தில் போட்டு, விரிப்பு விரித்து, தலையணை வைத்துவிட்டுத்தான் போனாள். அடுத்தது லெப்பையின் கட்டில். “வேர்த்தா மாறிப் படுக்கலாம்” என்றார். மூன்றாவதாக வீரய்யா எங்கிருந்தோ ஒரு கன்வஸ் கட்டிலைக் கொண்டுவந்து விரித்தார். வியாழக்கிழமை ஜவாஹிர் நானா பாயிஸாவின் சொந்தக் கட்டிலையே திருப்பி அனுப்பிவிட்டார்.

“மாப்புளயும் பொண்ணும் பாயில படுக்கட்டும். அவங்களுக்கு வயசு ஈக்கிது” என்றார்.

இரண்டு அறை வீட்டின் முன்கூடத்தில் நாலு கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. நாலுக்கும் பூப்போட்ட விரிப்பு, உறை போட்ட தலையணை. அடுக்களைக்குப் போவதென்றால் மக்கீன் கட்டில்மேல் ஏறி இறங்கிப் போக வேண்டியிருந்தது. மூன்று நாள் கஞ்சி குடித்தவனுக்கு அதுவே மலையேற்றம்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவன் முதிரைக் கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தான். இத்தனை கட்டில் இருந்து என்ன? அவள் இல்லாத வீடு விளங்கவில்லை. வாங்கிக்கொள்வது எவ்வளவு கனமான வேலை என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. வந்த கட்டில்கள் எல்லாம் கொடுத்தவர்களுடைய சொந்தக் கட்டில்கள். இன்றைக்கு அவர்கள் பாயில் படுப்பார்கள். நான் கொடுத்த கட்டிலுக்குப் பாயில் படுத்தது யார் என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. “நான் சொன்னது பிழை பாயிஸா” என்று தலையணையைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தான். தலையணையிடம் சுலபமாகத்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஒழுங்கையே நோய் விசாரிக்க வாசலில் கூடிவிட்டது. லெப்பை, ஜவாஹிர் நானா, ஹபீலா மாமி எல்லாரும் இருந்தார்கள். வீரய்யாவும் சுண்ணாம்பு வாளியோடு கானில் நின்றார்.

“இண்டைக்கு அஞ்சாம் நாள். தலைக்குத் தண்ணி வாக்க வேணும்” என்று மாமி சேலையை வரிந்து கட்டிக்கொண்டிருந்தாள். “சத்தியமாவது ஒண்டாவது, தள்ளுங்க மகன்!”

“மாமி, நாளைக்கு...”

“என்ன நாளைக்கு?”

கேட்டது மாமி இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, பாயிஸா வந்து நின்றாள். முகத்தில் ஒரு கொப்பளமும் இல்லை. கோபம் மட்டும் நிறைய இருந்தது.

“பிலிமத்தலாவைக்கு ஆள் வந்து செல்றான், மக்கீன் நானாட பொஞ்சாதிக்குக் கொப்பளிப்பானாம், ஊரே பாத்துக்கொள்ளுதாம். மக்கீன் நானாட பொஞ்சாதி நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். அப்ப உள்ளுக்குப் படுத்தீக்கிறது ஆரு?”

“அதான் மகள், நாங்களும் கேக்கிறோம்” என்றாள் ஹபீலா மாமி. “ஆரு மகன் அது?”

மக்கீன் கதவை மறைத்துக்கொண்டு நின்றான். பாயிஸா அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வரிசையாக நாலு கட்டில்கள். நாலுக்கும் பூவிரிப்பு.

“நாலா!” என்று அவள் அலறினாள். “மனசு ஈக்கிறவளாப் பாத்து ஒருத்தியக் கொண்டாங்க எண்டுதானே சென்னேன்! நாலு நாளைக்குள்ள நாலுமா?”

“பாயிஸா, ஒருத்தரும் இல்ல! கட்டில் மட்டுந்தான்!”

“பொம்புள இல்லாமக் கட்டில் எதுக்கு?”

“அது ஒன்னட நோய்க்கு...”

“எனக்கென்ன நோய்?”

இனி ஒளிய இடமில்லை. கட்டிலுக்கு அடியில் கூட இல்லை. மக்கீன் முதிரைக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, ஊரே பார்த்திருக்க, தலையணையிடம் பழகிய வார்த்தைகளை அவளிடம் சொன்னான்.

“நான் சென்னது பிழை பாயிஸா. ஒன்னட கட்டிலைக் குடுத்து நான் நல்ல பேரு வாங்கினேன். கேட்ட ஒன்னை மனசில்லாதவள் எண்டேன். மனசில்லாதவன் நான்தான். நீ போயிட்டா எண்டு செல்ல வெக்கத்துல நோய் எண்டு பொய் சென்னேன். எனக்கு இந்த ஊட்டுல நீ ஒருத்திதான். வந்திடு.”

பாயிஸாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இன்னொருக்காச் செல்லுங்க.”

“நான் சென்னது பிழை.”

“மெலிஞ்சு போயீக்கிறீங்க” என்றாள் அவள். “என்ன தின்டீங்க நாலு நாளா?”

“கஞ்சி.”

அவள் சிரித்துவிட்டாள். அடுக்களைக்குப் போகக் கட்டில்மேல் ஏறினாள். மக்கீனுக்கு உயிர் வந்தது. கூடவே வாசலில் நின்றவர்களின் நினைவும் வந்தது. வெளியே வந்து, நிமிர்ந்து பார்க்கக் கூசி, தலையைக் குனிந்துகொண்டான்.

“எல்லாரும் என்ன மன்னிக்க வேணும். இல்லாத நோயாளிக்காக ஒங்களையெல்லாம் கஞ்சி காச்ச வெச்சேன், கட்டில் சொமக்க வெச்சேன். பொய் செல்லி ஏமாத்திட்டேன்.”

லெப்பை ஜவாஹிர் நானாவைப் பார்த்தார். ஜவாஹிர் நானா வானத்தைப் பார்த்தார். ஹபீலா மாமியின் தோள் மறுபடியும் குலுங்கியது. கானில் நின்ற வீரய்யா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அட விடுங்க மொதலாளி, திங்கக்கெழம அம்மாவோட பெட்டிய ஆளுக்கொரு பக்கம் புடிச்சு பஸ்ஸுல ஏத்தி விட்டதும் நாங்கதான், இன்னைக்கு ஆளனுப்பி எறக்கிக்கிட்டதும் நாங்கதான்!”