காலி வண்டிக்கு இருபத்தெட்டுப் பவுண்டு

காலி என்றால் என்ன என்று ஞானிகள் காடு மலையெல்லாம் ஏறி யோசித்திருக்கிறார்கள். எங்கள் செஞ்சி நிலக்கடலை விவசாயிகள் சங்கம் அதை ஒரு புதன்கிழமை, இரண்டு சுற்று டீக்குள் தீர்த்துவிட்டது. டீ கொடுத்தது நான். ஆகவே இந்த வரலாற்றுக்கு நானே சாட்சி.

சங்கத்துக்கு ஒரு பிக்கப் வண்டி உண்டு. காலையில் பனமலைப் பக்கம் காலியாகப் போகும்; மாலையில் மூட்டைகளோடு திரும்பும். காலியாகப் போகும்போது பின்னால் கடலை பறிக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தி என் அம்மா ரஞ்சிதம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது குற்றம். சங்கமோ சட்டத்தை மதிப்பது. எனவே வண்டி நோட்டில் தினமும் 'காலி' என்றே எழுதப்படும்.

முன் சீட்டு தலைவர் அரிகிருஷ்ணனுடையது. அவருடைய இடுப்பு வலித்ததால்தான் கூட்டமே.

"காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடுதுப்பா. பின் டயர்ல எவ்ளோ காத்து?"

"அறுவத்தஞ்சு பவுண்டு" என்றார், 'நிபுணராக' அழைக்கப்பட்டிருந்த பஞ்சர் கடை தேவேந்திரன். "மூட்டைக்கு அது வேணும் தலைவரே. நெஜமாவே காலின்னா கொறைக்கலாம்."

"அப்ப கொறை. இருபத்தெட்டு வை."

"பின்னால பன்னெண்டு பொம்பளைங்க குந்தினு போறாங்களே, அது லோடு இல்லியா?"

தலைவர் டீயை ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டார்.

"லோடுன்னா மூட்டைப்பா. எடை போட்டு வாய் தெச்சிருக்கணும்."

"அப்ப அவங்க இன்னா?"

"அவங்க பாட்டுக்கு வர்றாங்க. டென்ஷன் பண்ணாத தேவேந்திரா."

அவசர முடிவு எடுக்கும் சங்கம் அல்ல இது. காற்றை இறக்கியபின் உறுப்பினர்கள் ஆறு பேரும் வண்டியில் ஏறி, கோட்டை அடிவாரம்வரை போய்வந்து, வண்டி காலியாக இருந்ததை நேரில் உறுதி செய்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மாலையில் மூட்டை ஏற்றும் முன் மறக்காமல் அறுபத்தைந்துக்கு ஏற்றிவிட வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். மூட்டைகளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதல்லவா?

நான்காம் நாள் பனமலை ஏரி வளைவில், காற்றுக் குறைந்த பின் டயர் பாரம் தாங்காமல் சூடேறி வெடித்தது. வண்டி சாய்ந்தது. அம்மா கையை ஊன்றி விழுந்தாள், மணிக்கட்டு முறிந்தது. தலைவருக்கு ஒன்றுமில்லை.

அவர் ஆஸ்பத்திரிக்கே சாத்துக்குடியோடு வந்தார்.

"எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்டா இன்னா சொல்லுவ ரஞ்சிதம்?"

"வண்டியில வுழுந்தேன்னுதாங்க."

"காலி வண்டியில யாரும்மா வுழ முடியும்? பாத்ரூம்ல வழுக்கிடுச்சுன்னு சொல்லு."

நாளைக்கும் வேலைக்குக் கூப்பிட வேண்டியவர் அவர். அம்மா அப்படியே சொன்னாள். எங்கள் வீட்டில் பாத்ரூம் கிடையாது. சங்கத்தின் தயவால் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒன்று கட்டப்பட்டது.

"காத்த மட்டும் ஏத்திடுங்க தலைவரே" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

"இடுப்பு இப்பதான் சரியாயிருக்குது பாப்பா."

அம்மாவின் கை கூடும்வரை அவள் இடத்தில் நான் போகிறேன். இன்று காலை பதினோரு பேரோடு பன்னிரண்டாவதாக ஏறி, புது டயருக்கு மேலே உட்கார்ந்தேன். டிரைவர் பிரசாந்த் நோட்டை நீட்டினார். தலைவர் திரும்பி என் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு எழுதினார்: 'காலி'.