ரீடிங்காரரின் குடிகாரன்

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஒரு கெட்டவனைக்கூட நிம்மதியாகக் கெட்டுப்போக விடாத எழுத்தாளர் எங்கள் ரீடிங்காரர்தான்.

கரண்டு மீட்டரில் ரீடிங் எடுப்பது அவர் வேலை. ஆவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்த புதிதில், மீட்டரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். என் துணுக்கு ஒன்று வாரப் பத்திரிகையில் வந்த விஷயம் எப்படியோ அவர் காதில் விழுந்தது. அதோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

"டீச்சர், நான் கிறிஸ்தவ நாவல் எழுத ஆரம்பிச்சிருக்கேன். நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

செல்போனில் எழுதியதை வாசித்தார். சவரிமுத்து என்ற குடிகாரன் மனைவியை அடிக்கக் கை ஓங்குகிறான். கோயில் மணி அடிக்கிறது. ஓங்கிய கையால் சிலுவை போட்டுக்கொண்டு மனந்திரும்பிவிடுகிறான்.

"அப்புறம்?"

"அப்புறம் எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க டீச்சர்."

நாவல் முடிந்துவிட்டது. அடுப்பில் வைத்த பால் இன்னும் பொங்கவில்லை.

"ஏங்க, அவன் கொஞ்ச நாளாவது கெட்டவனா இருந்தாத்தானே கதை?"

"அது வரைக்கும் அந்தப் பொம்பளை அடி வாங்கணுமா டீச்சர்?" என்று கேட்டு, என்னைக் கொடுமைக்காரியைப் போலப் பார்த்தார்.

அடுத்து ஒரு திருடனை வைத்து முயன்றார். பூட்டை உடைத்து உள்ளே போன திருடன் வீட்டைப் பெருக்கிவிட்டு வந்தான். இவர் வண்டிச் சத்தம் கேட்டாலே எங்கள் வீட்டுக்காரர், "வயலுக்குப் போயிட்டு வாரேன்" என்று கொல்லைப் பக்கமாக நழுவிவிடுவார். எங்களுக்கு வயலே கிடையாது.

கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "சவரிமுத்துவை அஞ்சு அத்தியாயம் வரைக்கும் திருத்தக் கூடாது. திருத்தினா இங்கிட்டு வராதீங்க!"

சொன்னபடி கேட்டார். ஆனால் ஆள் இளைத்துப் போனார். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் போன் வரும். "இன்னும் குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கான் டீச்சர். எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

எழுதித் திருத்தத்தான் தடை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கோயில் பூசையில் அவனுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி, பெயர் எழுதிப் பூசைக் கருத்துக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு பூசையில் சாமியார் ஒலிபெருக்கியில் வாசித்தார்: "குடிப்பழக்கத்தில் விழுந்து கிடக்கும் சவரிமுத்து மனந்திரும்ப மன்றாடுவோம்."

எங்கள் ஊரில் சவரிமுத்து ஒருவர்தான். டிராக்டர் ஓட்டுகிறவர். டீயைத் தவிர வேறெதையும் குடித்தறியாதவர். அன்றைக்கென்று பார்த்து அவர் மகளைப் பெண் பார்க்க அறந்தாங்கியிலிருந்து வந்தவர்கள் அவருக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். பூசை முடிந்ததும் பெண்ணையும் பார்க்கவில்லை, கை நனைக்கவும் இல்லை, வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

கருத்துக் கொடுத்தது யார் என்று சாமியாரிடம் விசாரித்துவிட்டுச் சவரிமுத்து ரீடிங்காரரைத் தேடிப் போனார். சத்தம் போடவில்லை. "நான் ஒங்களுக்கு என்னங்க செஞ்சேன்? எம் மக கட்டுன பட்டுச்சேலையோட அப்படியே உக்காந்திருக்கு" என்று மட்டும் கேட்டாராம்.

ரீடிங்காரர் நேராக என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "கெளம்புங்க டீச்சர், அறந்தாங்கிக்கு. நீங்கதான் சாட்சி."

"நான் எதுக்கு?"

"அவனைத் திருத்தக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?"

பஸ்ஸில் போகும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். "ஆமா டீச்சர், ஆமா டீச்சர்" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா நம்பவில்லை. "கதையில வர்ற ஆளுக்குப் பூசை வச்சீங்களா? யாருகிட்டங்க பூச் சுத்துறீங்க?"

ரீடிங்காரர் செல்போனை எடுத்தார். நின்றபடியே முதல் அத்தியாயத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். எனக்கு மானம் போனது. ஆனால் அந்த அம்மாள் டிவியை நிறுத்தினார். குடிகாரனின் மனைவி பிள்ளைக்குப் பால் வாங்கத் தோட்டைக் கழற்றும் இடத்தில் இவர் அதே வரியை இரண்டு தரம் வாசித்தார். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு அப்புறம் என்னங்க ஆனா?"

"தெரியலைங்கம்மா. டீச்சர் இன்னும் அவனைத் திருத்த விடலை."

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஓரமாக நின்ற மாப்பிள்ளை சிரித்துவிட்டார். மறு ஞாயிற்றுக்கிழமை அந்த வேன் திரும்பவும் எங்கள் ஊருக்கு வந்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நாவலில் குடிகாரனுக்கு மட்டும் ஏரோது என்று பெயர் மாறியது. பச்சைப் பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பைபிள் ராஜா அவன்; எங்கள் பக்கம் அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைக்க யாருக்கும் துணிச்சல் வராது.

பிறகு ரீடிங்காரர் திருவரங்குளம் பக்கம் மாற்றலாகிப் போனார். தப்பித்தேன் என்று நினைத்தேன். போனில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

போன வாரம் வாசித்தது கடைசி அத்தியாயம். ஏரோது கோயில் வாசல் வரைக்கும் வருகிறான். உள்ளே அவன் மனைவியின் குரல் கேட்கிறது. ஒரு கால் படியிலும் ஒரு கால் சேற்றிலுமாக, கொட்டுகிற மழையில் நிற்கிறான். அங்கேயே நிறுத்திவிட்டார்.

"அவ்வளவுதான் டீச்சர். நீங்க சொன்ன மாதிரியே திருத்தலை. உள்ளேயும் விடலை. சரியா வந்திருக்கா?"

இதைவிடச் சரியாக யாராலும் எழுத முடியாது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எவ்வளவு நேரங்க அந்த மனுசன் நனைவான்? உள்ள கூப்பிட்டுருங்க."