மைக் மண்டோர் கேட்ட இலாகா

மலேசியாவில் கோல சிலாங்கூர் தொடங்கி சுங்கை பெசார் வரை, மின்சாரமே இல்லாமல் மைக்கில் பேசிய ஒரே சட்டமன்ற உறுப்பினர் எங்கள் மைக் மண்டோர்தான்.

எண்பதுகளில், எங்கள் தோட்டத்து மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து தேர்தலில் வென்றவர் அவர். பிரசாரத்துக்கு வாங்கிய மைக், வயர் அறுந்த பின்னும் அவரது சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. கல்யாண வீட்டில் சாம்பார் கேட்பதானாலும் அதை எடுத்து, இருமுறை தட்டி, "ஹலோ, ஹலோ" என்று சோதித்த பிறகே கேட்பார். ஓர் இழவு வீட்டில் அவர் மைக்கைத் தட்டியதும், அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு உரை கேட்க உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர் தந்த வாக்குறுதி ஒன்றே ஒன்று: பாலம். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடுவே பெரிய வாய்க்கால். அதன் குறுக்கே ஒற்றைத் தென்னைமரம். மழைநாளில் என் தங்கை உட்பட அத்தனை பிள்ளைகளும் அதன்மேல் தவழ்ந்தே பள்ளி சென்றனர்.

"பாலம் வரலேன்னா அடுத்த தேர்தல்ல நான் நிக்க மாட்டேன்லா" என்று ஊரறிய அறிவித்திருந்தார்.

பேச்சுப்போட்டியில் கோப்பை வென்ற பெருமிதத்தில் இருந்த என்னிடம் சட்டமன்ற உரையை எழுதித் தரச் சொன்னார். மலாயில், அடுக்கடுக்கான வாக்கியங்களில், மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

"தம்பி, இதுல பாலம் எங்கடா இருக்கு?"

"மூணாம் பக்கத்துல, ஐயா."

"அதுக்குள்ள பிள்ளைங்க விழுந்துடும்டா."

தாளை மடித்துவிட்டுத் தம் சொந்த மலாயிலேயே அவையில் முழங்கினார். மலாயில் பாலம் என்றால் 'ஜம்பாத்தான்'. அரசு இலாகா என்றால் 'ஜபாத்தான்'. உணர்ச்சி வேகத்தில் அந்த 'ம்' காணாமற்போயிற்று. "எங்கள் பிள்ளைகள் ஏறி நடக்க ஓர் இலாகா கொடுங்கள்" என்று மும்முறை கேட்டார். பார்வையாளர் வரிசையில் நான் தலைகுனிந்தேன்.

"எந்த இலாகா?" என்றார் எதிரே ஒருவர்.

மண்டோர் தம் மைக்கைத் தட்டினார். "மரத்தாலானது வேண்டாம். சிமெண்டால் ஆனது வேண்டும்."

அவை குலுங்கிச் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு செய்தியாகப் பரவ, மறுவாரமே ஓர் அதிகாரி பளபளக்கும் காலணியோடு வந்து இறங்கினார். மண்டோர் அவரைத் தென்னைமரத்தின்மேல் அழைத்துச் சென்றார். பாதி மரம் வரை அவர் அதிகாரியாகவே நடந்தார்; மீதியைத் தவழ்ந்து கடந்தார். ஆறே மாதத்தில் சிமெண்டுப் பாலம் எழுந்தது.

ஆயினும் அடுத்த தேர்தலில் கட்சி வேறொருவரை நிறுத்தியது. கொதித்தெழுந்த நான் நான்கு பக்கக் கண்டன உரையோடு அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் மைக்கை எடுத்து இருமுறை தட்டினார்.

"பாலந்தான் நிக்குதுல்ல தம்பி. நான் வேற எதுக்கு நிக்கணும்?"

நான்கு பக்கத்தையும் மடித்துக்கொண்டு திரும்பினேன். எங்கள் தோட்டத்தில் அந்தப் பாலத்தின் பெயர் இன்றும் 'இலாகா'தான். அது எழுந்த பின் மழைநாளிலும் என் தங்கை அதன்மேல் நடந்தே பள்ளி சென்றாள்.